முதல் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை மாற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் வரியெல்லாம் சேர்ந்த விலையில் புதிய ஸ்போர்ட்ஸ் கார் சம்பளக்காரப் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் ஓர் இளைஞரின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் 1990களின் ஹொண்டா சிவிக் ஈ.கே.3, டொயோட்டா ஸ்டார்லட், மிட்சுபிஷி லான்சர் என்றே இருக்கிறது. அபூர்வமாக ஒரு மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டரும் கண்ணில் படும். வாங்கிய சில வாரங்களிலேயே கேள்வி எழுந்துவிடும்: இருக்கிற எஞ்சினைச் சீர்செய்து ஓட்டுவதா, கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சின் போடுவதா? இதற்குக் கொழும்பில் கிடைக்கும் பதிலை அப்படியே மலைக்கு ஏற்றிக்கொண்டு வர முடியாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்ல உங்கள் பத்திரிகையில் கொஞ்சம் இடம் தாருங்கள்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பியே வேலை செய்கிறது. காற்று குறைந்த அளவுக்கு வலுவும் குறையும். ஈ.கே.3 இல் வரும் 1500 சி.சி. வி-டெக் (சுற்று ஏறியதும் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் ஹொண்டா முறை) டி15பி எஞ்சினுக்கு ஜப்பானியக் கணக்கில் 130 குதிரைவலு. நுவரெலியாவில் அது 105 அளவுக்கு இறங்கிவிடும். அதற்குப் பதிலாகப் பலரும் தேடும் ஹொண்டாவின் பி16ஏ எஞ்சினுக்கு 170 குதிரைவலு. அதுவும் மேலே வந்ததும் 138 ஐ ஒட்டியே நிற்கும். இலட்சக்கணக்கில் கொட்டி எஞ்சின் மாற்றிய கார் நுவரெலியாவில் காட்டும் வலு, மாற்றாத அதே கார் கொழும்பில் காட்டும் வலுவைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

குதிரைவலு எந்தச் சுற்றில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டி15பி தன் உச்ச முறுக்குவிசையான (சக்கரத்தைத் திருப்பும் விசை) 139 நியூட்டன் மீற்றரை நிமிடத்துக்கு 5300 சுற்றில் தருகிறது. பி16ஏ 157 தருகிறது, ஆனால் 7300 சுற்றில். ரம்பொடை வளைவுகளிலோ கினிகத்தேனைக் கடவையிலோ இரண்டாம் கியரில் வளைந்து வெளியே வரும்போது எஞ்சின் 3000, 3500 சுற்றில்தான் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு எஞ்சினுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பி16ஏயின் வி-டெக் 5500 சுற்றைத் தாண்டித் திறந்து அதன் உண்மையான வலு வெளிப்படுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அந்த எஞ்சின் அருமையான எஞ்சின், அதில் சந்தேகமில்லை. அதன் சுகத்தைப் பார்க்க நீண்ட நேர்ப்பாதை வேண்டும், அது நம் பக்கத்தில் இல்லை.

எஞ்சின் மாற்றத்தைத் தொடக்கிவைப்பது பல இடங்களில் ஒரு தவறான தீர்ப்பு. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) பார்த்துவிட்டு "எஞ்சின் போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். கடல் மட்டத்தில் 180 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல எஞ்சின், நுவரெலியாவில் 145 அளவைத்தான் காட்டும். உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் அமுக்கிய பிறகும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். தயாரிப்பாளரின் புத்தகத்தில் உள்ள எண் கடல் மட்டத்துக்கு உரியது. அதை வைத்து மலையில் ஓர் எஞ்சினைக் கொன்றுவிடக் கூடாது. பார்க்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும்: எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டரையும் பற்றவைப்பையும் துண்டித்து, அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி, முள் ஏறி நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பெற்றரி இளைத்திருந்தால் அதுவே குறைவாகக் காட்டும். பிறகு நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடைவெளி பத்து, பதினைந்து வீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங்ஸ் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கட். இவை எதற்கும் எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமில்லை.

இனி பிரேக். எஞ்சின் மாற்ற நினைக்கும் ஒவ்வொரு தம்பியும் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து ஏ5 வீதியில் ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது உயரம் ஏறத்தாழ 1400 மீற்றர் குறைகிறது. ஆட்களோடு 1100 கிலோ எடையுள்ள ஒரு சிவிக் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தி 15 மெகாஜூல். ஏறத்தாழ 45 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் எஞ்சினும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும், மீதி முழுவதும் பிரேக் வட்டுகளுக்கும் அவற்றை நெரிக்கும் பாட்களுக்கும் போகிறது. மூன்றாம், இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கைச் சுமக்கும். நான்காம் கியரில் விட்டு மிதித்து மிதித்து இறங்கினால் பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டையும் காலாலேயே பிரித்தறியலாம். பெடல் கல்லைப் போல் உறுதியாக இருந்தும் கார் நிற்காவிட்டால் பாட் எல்லை மீறிச் சூடேறியிருக்கிறது. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டால் பிரேக் ஒயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்திருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மழையும் பனிமூட்டமும் அதற்கு வசதியான இடம். புதிய டொட் 3 வகை ஒயில் கொதிக்கும் வெப்பநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியதும் அது 140 வரை விழலாம். டொட் 4 க்கு 230 உம் 155 உம். டொட் 5.1 க்கு 260 உம் 180 உம். ஆகவே டொட் 4 அல்லது 5.1 போட்டு, ஆண்டுக்கொரு முறை முழுவதையும் மாற்றுங்கள். ஒரு லீற்றர் போதும். டொட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கன் வகை, 5.1 என்று நினைத்து அதை வாங்கி மற்றதோடு கலந்துவிடாதீர்கள்.

ஈ.கே.3 இன் முன் வட்டு சிறியது, பின்னால் டிரம். அதன் மேல் 170 குதிரைவலு ஏற்றுவது தவறு என்று ஹொண்டாவே சொல்லாமல் சொல்லியிருக்கிறது: அதே உருவில் பி16ஏ போட்டு விற்ற சிவிக்குக்கு முன்னால் 262 மில்லிமீற்றர் வட்டும் பின்னாலும் வட்டு பிரேக்கும் கொடுத்தார்கள். எஞ்சினுக்குக் காசு சேர்க்கும்போது அந்தக் காரின் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பகுதி), கலிப்பர் (பாட்களை அழுத்துவது), பின் ட்ரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை), மாஸ்டர் சிலிண்டர், புரோபோஷனிங் வால்வு (முன்பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடுவது) அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பின் வட்டைப் போட்டுவிட்டுப் பழைய வால்வையே விட்டால் முன்பின் பங்கீடு பிசகும். நனைந்த வீதியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுற்றிவிடும். இந்த மாற்றத்துக்குப் பழைய ரிம் போதுமா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

எனவே முதல் ஆண்டுக்கான பணத்தை நான் இப்படித்தான் பங்கிடச் சொல்வேன். காரை அதன் பழைய ஒழுங்குக்குக் கொண்டு வருவது முதல் வேலை. டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப், கேம் மற்றும் கிராங்க் சீல் எல்லாம் ஒரே தடவையில் மாற்றப்பட வேண்டும், ஏனெனில் கூலி ஒன்றுதான். இந்த ஹொண்டா எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து வளையும். பழைய உரிமையாளர் "மாற்றியாச்சு" என்று சொன்னது போதாது. கவரைத் திறந்து கண்ணால் பாருங்கள். அடுத்து புஷ்கள், போல் ஜொயின்ட், ஷொக். முப்பது வருட றப்பர் வெடித்திருக்கும்; வளைவில் கார் மிதப்பது எஞ்சின் குறைவால் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயர் இறுகிப்போயிருக்கும், நானுஓயாப் பனியில் அது பிடிக்காது. இத்தனையும் செய்து முடித்த காரை ஓட்டிப் பார்த்தபின் எஞ்சின் ஆசை பாதியாகக் குறைந்துவிடுவதை நிறையக் காணலாம்.

சில சிறு மாற்றங்கள் இங்கே தீமையே செய்யும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினால் ஷொக்கின் ஓட்டம் முடிந்து பம்ப் ஸ்டொப்பில் (கடைசித் தடுப்பு றப்பரில்) மோதும். குழியுள்ள தோட்டப் பாதையில் வளையும்போது சக்கரம் நிலத்தை விட்டு எழும். எடை குறைந்த ஃப்ளைவீல் (எஞ்சின் சுற்றைச் சீராக வைக்கும் சக்கரம்) சுற்றை வேகமாக ஏற்றும். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது எஞ்சினை அணைத்தும் விடும். ரேஸ் கிளச் பிளேட் மெல்ல விட்டுப் பிடிக்கப்படுவதற்கு உண்டானதல்ல. ஹட்டன் நகர நெரிசலில் ஏற்றத்தில் ஐந்து நிமிடம் நகர்ந்தாலே கருகிய வாடை வரும். மூடியில்லாத கோன் ஃபில்டர் எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது, சத்தம் கூடும், வலு கூடாது.

அப்படியென்றால் எஞ்சின் மாற்றவே கூடாதா? கூடாது என்று சொல்லவில்லை. பழைய எஞ்சினின் புளொக் வெடித்தோ கிராங்க் கெட்டோ, திருத்தும் செலவு மாற்று எஞ்சினின் விலைக்கு அருகே வந்துவிட்டால் மாற்றுவதே புத்தி. அப்போதும் முதலில் அதே வகை எஞ்சினைத் தேடுங்கள். அதைவிடப் பெரியது வேண்டும் என்றால் துண்டு துண்டாகச் சேர்க்காமல் ஒரே காரிலிருந்து வந்த முழுத் தொகுதியாக வாங்குங்கள். பி16ஏக்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? எஞ்சினோடு பி வகைக் கியர்பொக்ஸ், இடைத்தண்டோடு இரண்டு டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு), கியர் லிங்கேஜ், அந்த எஞ்சினுக்குரிய மவுண்ட் பிராக்கட்கள், டிஸ்ட்ரிபியூட்டர், அதற்கே உரிய ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வெட்டப்படாத வயரிங், ஆல்டர்னேட்டர், முன் எக்ஸோஸ்ட் குழாய். டி வகைக் கியர்பொக்ஸ் பி வகை எஞ்சினில் பூட்டாது. டிரைவ் ஷாஃப்ட் நீளம் பிசகினால் ஓட்டத்தில் அதிரும், பள்ளத்தில் விழும்போது உள்மூட்டு கழன்றும் வரும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எஞ்சினை மட்டும் மலிவாகப் பேசி வாங்கிவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகத் தேடுகிறவருக்குக் கடைசியில் முழு ஹாஃப் கட்டின் (வெட்டி எடுத்த காரின் முன்பாதி) விலையைத் தாண்டிவிடும், காரும் மாதக்கணக்கில் கராஜில் தூங்கும்.

எஞ்சின் விலை எவ்வளவோ அதே அளவு மற்றவற்றுக்கும் கையில் இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஹொண்டாவின் கே20ஏ போன்ற இன்னும் பெரிய எஞ்சின் என்றால் இதைவிடவும் கூடும். அது எதிர்த் திசையில் சுற்றுவது, அதனால் அமர்வு முறையே வேறு, தனி மவுண்ட் தொகுதியும் தனி டிரைவ் ஷாஃப்ட்டும் வேண்டும். யூனோஸ் ரோட்ஸ்டர் வைத்திருப்போருக்கு வழி சற்று எளிது. 1600 சி.சி. காரில் 1800 எஞ்சின் போடுவது ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றம். ஆனாலும் 1800 இன் ஈ.சி.யு., காற்றளவி, வயரிங், பெரிய டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் வலுவைப் பிரிக்கும் பகுதி), பெரிய பிரேக் ஆகியவற்றைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 1600 இன் சிறிய டிஃபரென்ஷியல் கூடுதல் முறுக்கைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

வாங்கும் எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் இறுகாமல் சுற்ற வேண்டும். ஒயில் மூடியின் அடியில் பால் நிறப் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர்க் குழாய் வாயில் துருச்சேறு இருந்தால் முன்பு கூலன்ட் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். வால்வு கவரைக் கழற்ற விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

மாற்றியபின் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி வயரிங்கில்தான். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புக்குள் மலைப் பனி ஈரத்தை ஏற்றும். பச்சை பூத்துப்போன செம்பில் சென்சரின் சின்ன மின்னழுத்தம் தடுமாறும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெயில் வந்ததும் ஸ்டார்ட் ஆகும் கார்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஒவ்வொரு இணைப்பையும் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். எஞ்சினிலிருந்து காரின் பொடிக்கும் கியர்பொக்ஸிலிருந்து பொடிக்கும் தனித்தனி எர்த் வயர் போடுங்கள். இது ஒன்று மறந்துபோனால் மின்சாரம் கிளச், அக்சிலேட்டர் கேபிள் வழியே வழி தேடும், கேபிள் கருகும்.

குளிர்ந்த ஊர் என்று றேடியேட்டரை அலட்சியம் செய்வதும் வழக்கம். 1868 மீற்றரில் திறந்த தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே எஞ்சினைக் காப்பது மூடியின் அழுத்தம்தான். 1.1 எனக் குறித்த மூடியின் றப்பர் தளர்ந்திருந்தால் மெதுவாக ஏறும் நீண்ட ஏற்றத்தில், காற்று குறைவாக ஓடும்போது, தண்ணீர் வெளியேறிவிடும். புதிய எஞ்சினுக்குப் பழைய சிறு றேடியேட்டர் போதாது. கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி.

டியூனிங்கில் மலைக்கென்று ஒரு விதி உண்டு: மேலேயும் கீழேயும் இரண்டிடத்திலும் சோதிக்க வேண்டும். கொழும்பில் சரிசெய்த கார்புரேட்டர் நுவரெலியாவில் பெற்றோலை அதிகமாக ஊற்றும், கரும்புகை வரும், புகைப் பரிசோதனையிலும் தவறும். மேலே சரிசெய்ததைக் கீழே கொண்டுபோனால் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ரொட்டில் (காற்றுக் கதவு) போட்டு, த்ரொட்டில் திறப்பை மட்டும் வைத்து மேப் (பெற்றோல் அளவு அட்டவணை) எழுதிய ஈ.சி.யு. என்றால் வளிமண்டல அழுத்தத்தை அளக்கும் சென்சர் கட்டாயம். பி16ஏ போன்ற உயர் கம்ப்ரெஷன் எஞ்சின்கள் ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஷெட்களில் பொதுவாகக் கிடைப்பது 92 உம் 95 உம். அவற்றுக்கு 95 மட்டுமே ஊற்றுங்கள். மேலே நொக் செய்யாத (பெற்றோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டாத) எஞ்சின் பேராதனைக்கு இறங்கியதும் நொக் செய்யக்கூடும், ஏனென்றால் அங்கே சிலிண்டருக்குள் காற்று கூடுதல். பற்றவைப்பு டைமிங்கைத் தாழ்நிலத்துக்கு ஏற்றபடி வையுங்கள்.

டர்போ மலைக்கு ஏற்றது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஸ்டார்லட்டின் 135 குதிரைவலு 4ஈ-எஃப்.டி.ஈ. எஞ்சின் உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சினைப் போல் வாடாது. ஆனால் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) மீற்றர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டே காட்டுகிறது. 0.65 பார் என்று முள் காட்டும்போது கொழும்பில் உள்ளே உண்மையில் ஏறத்தாழ 1.66 பார், நுவரெலியாவில் 1.46 பார். "மேலே இழுக்கவில்லை" என்று பூஸ்ட்டைத் திருகிக் கூட்டினால், மெல்லிய காற்றில் ஏற்கெனவே வேகமாகச் சுற்றும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று சூடேறும். அதே அமைப்போடு மாத்தளைக்கோ கொழும்புக்கோ இறங்கினால் பிஸ்டன் உருகவும் கூடும்.

கடைசியாகப் புத்தகம். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் காரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் விற்கும்போது சிக்கும், விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீடு மறுக்கப்படலாம், களவு எஞ்சின் என்ற சந்தேகமும் வரும். எஞ்சினுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே திணைக்களத்தில் என்னென்ன பத்திரங்கள் கேட்பார்கள் என்று விசாரித்து, விற்பவர் அவற்றைத் தருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். எஞ்சின் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2025 இன் தொடக்கத்திலிருந்து சத்தமான சைலன்சர்களையும் சட்டவிரோத மேலதிக விளக்குகளையும் பொலிசார் கழற்றச் சொல்கிறார்கள். அதில் வீணாகும் காசு இரண்டு நல்ல டயருக்கு ஆகும். வேகத்தை அளந்து பார்க்க ஆசைப்படுவோருக்கு நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்தில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி இருக்கிறது. 1934 முதல் நடந்துவரும் போட்டி அது. மூடிய பாதை, தலைக்கவசம், பரிசோதனை எல்லாம் உண்டு.

உங்கள் மூலம் இரண்டு கோரிக்கைகள். எஞ்சின் மாற்றத்தைப் பதியும் முறையையும் தேவையான பத்திரங்களையும் திணைக்களம் தெளிவான தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக வெளியிட்டு, மலையகப் பிரதேச செயலகங்களில் ஒட்ட வேண்டும். மலையகத்தில் மோட்டார் திருத்தம் கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள், கம்ப்ரெஷன் அளவை உயரத்துக்கேற்பத் திருத்தி வாசிக்கும் அட்டவணையைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். ஹட்டனுக்கு ஒன்று, பண்டாரவளைக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று என மூன்று வரிகள் கொண்ட அட்டவணை கராஜ் சுவரில் தொங்கினாலே போதும்.

இப்படிக்கு,
மோட்டார் திருத்துநர்,
நானுஓயா.